எலிவால் மீன் புது ரெக்கார்டா? அவசரப்படாதீங்க

கொல்லம் சக்திகுளங்கரைல ஆழ்கடல் இறால் படகோட கழிசல்ல எலிவால் மீன் (வால் எலி வால் மாதிரி நீண்டு மெலிஞ்சிருக்கிற ஆழ்கடல் மீன்) ஒன்னு கிடைச்சுது, இந்தியாவுல முதல் ரெக்கார்டா, அதாவது இதுக்கு முன்னாடி இங்க பதிவாகாத வகையானு கேட்டிருக்கீங்க. சந்தோஷம்தான், ஆனா முதல்ல விலங்கியல் அறிஞர் அல்காக் 1899ல போட்ட ஆழ்கடல் மீன் கேட்டலாகைப் பாருங்க, இன்வெஸ்டிகேட்டர்ங்கிற கடல் ஆய்வுக் கப்பல்ல பிடிச்சு அந்தாளு பேர் வெச்சதுல நிறைய இப்ப வேற பேர்ல இருக்கு, பழைய பேர் தெரியாம "முதல் முறையா"ன்னு எழுதி மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர் (நானும் ஒருதடவை).

அப்புறம் மொத்த நீளம் 31 செ.மீ.ன்னு போட்டிருக்கீங்க, இந்த இனத்துக்கு அது உதவாதுங்க, வலையில வால் ஒடிஞ்சிடும். தலை நீளமும், மூக்கு நுனியிலருந்து குதத்துடுப்பு தொடங்குற வரைக்கும் உள்ள நீளமும் எடுங்க. எந்த வகைன்னு கண்டுபிடிக்க, வயித்துப்பக்கம் ஒளி உறுப்பு இருக்கா, செதில்ல முள்ளு எப்படி இருக்குன்னு மைக்ரோஸ்கோப்ல பாருங்க.

மீன் கெடாம வைக்கிற ஃபார்மலின்ல இன்னும் போடலைன்னா உடனே போடாதீங்க, முதல்ல கொஞ்சம் சதைய வெட்டி 95% எத்தனால்ல வைங்க, ஃபார்மலின் டிஎன்ஏவ கெடுத்துடும். முக்கியமா படகு டிரைவர்கிட்ட வலை இழுத்த ஜிபிஎஸ்ஸும் ஆழமும் இன்னிக்கே வாங்கிடுங்க, ஏன்னா ஹார்பர் பேரு மீன் பிடிச்ச இடம் ஆகாது. மீன மியூசியத்துல குடுத்து ரெஜிஸ்டர் நம்பர் வாங்குங்க. தலையோட அடிப்பக்கம் போட்டோ ஒன்னு போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.