கால்பந்தில் 1–0 முன்னிலையில் இருந்த அணி 1–2 என்று தோற்றால் தவறு கோலி (கோல்கீப்பர்) மீதா, கோச் மீதா?

கேள்வி இது: புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் லீக் ஆட்டம். 65 நிமிடம் வரை 1–0, முடிவில் 1–2. பந்து பெரும்பாலும் நம் பையன்கள் காலில்தான் இருந்தது. கோலி கோட்டைவிட்டான் என்கிறார்கள் பாதிப் பேர். கோச் ஆளை மாற்றியதுதான் தப்பு என்கிறார்கள் மீதிப் பேர். யார் சொல்வது சரி?

கோல் விழுந்த நொடியிலிருந்து பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசினாலும் தீராது. பத்துப் பதினைந்து நொடி பின்னால் போய்ப் பாருங்கள். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இடது விங் (இடது ஓரத்தில் முன்னேறி ஆடுபவர்) பந்தைப் பறிகொடுக்கிறார். இடது பேக் (அதே ஓரத்தில் பின்னால் நின்று தடுப்பவர்) அவரைத் தாண்டி ஏற்கெனவே மேலே ஓடிவிட்டார். அந்தக் காலி இடத்தை அடைக்க ஒரு ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர்) வெளியே போகிறார், இன்னொரு ஸ்டாப்பர் அவர் இடத்துக்கு நகர்கிறார், வலது பேக்கும் உள்ளே ஒதுங்குகிறார். இப்போது தூரத்துக் கம்பத்தில் எதிரணி ஆள் ஒருவர் மார்க் பண்ண யாருமில்லாமல் நிற்கிறார். கிராஸ் வருகிறது, தலையால் முட்டுகிறார், கோல். பார்க்கிறவர் கண்ணுக்குக் கோலி மட்டும்தான் தெரிகிறான். ஓட்டை விழுந்ததோ இடது பக்கத்தில்.

கோலியைக் குறை சொல்லவே கூடாது என்றில்லை. ஓரத்திலிருந்து அடித்த பந்து கிட்டத்துக் கம்பத்துக்கும் அவனுக்கும் நடுவில் புகுந்தால் அது அவன் கணக்கு. தடுத்த பந்தைப் பக்கவாட்டில் தள்ளாமல் கோலுக்கு நேர் எதிரே தட்டிவிட்டாலும் அவன் கணக்குதான். ஐந்து மீட்டரிலிருந்து ஆளில்லாமல் அடிக்கப்பட்ட பந்துக்கு அவனைத் திட்டுவது அநியாயம்.

அடுத்து, 60 நிமிடத்துக்குப் பிறகு அணி எவ்வளவு நீண்டுபோனது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலான தோல்விக்கு இதுதான் வேர். முன்னிலை கிடைத்ததும் பேக்குகள் பயத்தில் கோலை ஒட்டிப் பின்வாங்குவார்கள். ஃபார்வர்டுகள் இரண்டாவது கோலுக்காக மேலேயே நிற்பார்கள். நடுவில் விழும் இடைவெளியில் எதிரணி மிட்ஃபீல்டர் பந்தை வாங்கி, நிதானமாகத் திரும்பி, தலை நிமிர்ந்து பார்த்து பாஸ் கொடுப்பார். அளக்க டேப் வேண்டாம். நடு வட்டத்தின் குறுக்களவு 18.3 மீட்டர். கடைசி ஸ்டாப்பரிலிருந்து முன்னால் நிற்பவர் வரை ஏறக்குறைய இரண்டு வட்டத்துக்குள் அணி அடங்கினால் நல்லது. மூன்று வட்டம் ஆகிவிட்டால் இரண்டே மிட்ஃபீல்டர்களால் அதை மூட முடியாது, எவ்வளவு ஓடினாலும்.

கோச்சின் மாற்றத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். களைத்த மிட்ஃபீல்டரை எடுத்துவிட்டு மூன்றாவது ஸ்டாப்பரை இறக்கினால் பெட்டிக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி ஏரியாவுக்குள்) தலை கூடும். ஆனால் ஸ்டாப்பர் முட்டி வெளியே அனுப்பும் பந்து விழும் இடத்தில் நம் ஆள் இருக்கமாட்டார். மாற்றத்துக்கு முன் பத்து நிமிடம், பின் பத்து நிமிடம், அந்த இரண்டாவது பந்து யாருக்குப் போனது என்று கோடு போட்டு எண்ணுங்கள். எதிரணி எண்ணிக்கை ஏறியிருந்தால் கோச்சைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஏறவில்லை என்றால் அவரை விட்டுவிடுங்கள்.

பந்து நம் காலில் இருந்தது என்பதைப் பெருமையாகப் பேச வேண்டாம். இரண்டு ஸ்டாப்பர்கள் மாறி மாறித் தட்டிக்கொண்டாலும் அந்தக் கணக்கு ஏறும். 2015–16 பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டி சராசரியாகப் பாதி நேரம்கூடப் பந்தை வைத்திருக்கவில்லை. 16.5 மீட்டர் பெட்டிக்குள்ளிருந்து எத்தனை ஷாட் அடித்தோம் என்பதை எண்ணுங்கள். வெளியிலிருந்து அடிப்பதில் நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது.

கடைசி நிமிடங்களில் கோட்டைவிடுவது பெரிய அணிகளுக்கும் நடக்கிறது. 2015 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டத்தில் 87-ஆவது நிமிடத்தில் கோவா 2–1 என முன்னால் போனது. அடுத்த சில நிமிடங்களில் ஒரு சுயகோல், பிறகு சென்னையின் எஃப்சி வீரர் மெண்டோசாவின் கோல், கோப்பை சென்னையின் அணிக்கு. அதனால் நம் பையன்களை நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்று ஏசாதீர்கள்.

நம் ஊருக்கென்று இன்னொன்று உண்டு: கடல் காற்று. சாயங்காலம் கிழக்கிலிருந்து அடிக்கும்போது, அதை எதிர்த்து உயரமாக உதைத்த பந்து தொங்கி நின்று எதிரணி காலில் விழும். காற்றோடு போட்ட நீள பாஸ் ஃபார்வர்டைத் தாண்டி ஓடிவிடும். காற்று குறுக்கே அடித்தால் ஒரு பக்கத்துக் கார்னர் தூரத்துக் கம்பத்தையும் தாண்டிப் போகும், மறுபக்கத்தது பாதியிலேயே இறங்கும். 2019 முதல் டாஸ் வென்ற அணி ஒன்று எந்தப் பக்கம் ஆடுவது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லை முதல் உதையை எடுத்துக்கொள்ளலாம்; இரண்டில் ஒன்றுதான். அன்றைக்கு டாஸ் யார் வென்றார்கள், என்ன கேட்டார்கள், இரண்டாம் பாதியில் காற்று யார் முகத்தில் அடித்தது? கோலியிடம் போகும் முன் கேப்டனிடம் இதைக் கேளுங்கள்.