பதில்: கோகன் ஓவியத்தில் வலதுபக்கப் பெண்ணின் உடை ஏன் வேறாக இருக்கிறது?

நீங்கள் வாங்கிய பிரதி போலி இல்லை, அது வேறு ஓவியம். புத்தகத்தில் ரோஸ் நிற நீள அங்கி, சுவரில் மாட்டிய பிரதியில் இடுப்புத்துணி என்று குழம்பியிருக்கிறீர்கள். பிரெஞ்சு ஓவியர் பால் கோகன், கடற்கரை மணலில் இரண்டு தஹீத்திப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இதே காட்சியை இரண்டு முறை வரைந்தார்.

முதலாவது 1891இல், அவர் பசிபிக் கடலில் உள்ள தஹீத்தி தீவுக்குப் போன வருடமே வரைந்தது. இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வலதுபக்கப் பெண் கழுத்து முதல் கால்வரை மூடிய ரோஸ் அங்கியில் ஓலை பின்னுகிறாள். அந்த அங்கி தீவின் பழைய உடை இல்லை, கிறிஸ்தவ மிஷனரிகள் வந்தபின் பரவியது. இடதுபக்கம், சிவப்பில் வெள்ளைப் பூப்போட்ட துணி கட்டியிருப்பவள் ஒரு கையை ஊன்றிக் குனிந்திருக்கிறாள்.

மறு வருடம், 1892இல், அதே இருவரை மறுபடி வரைந்தபோது வலதுபக்கத்தவளுக்கும் பரேயோ எனும் இடுப்புத்துணியைக் கட்டிவிட்டார். அது ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது. பெயர் ‘பராவ் ஆப்பி’, ‘என்ன சேதி?’ என்று பொருள். எனக்கென்னவோ அந்த அங்கி இருக்கும் முதல் படம்தான் பிடிக்கும்; அவள் முகத்தின் அலுப்புக்கு அது பொருந்துகிறது.

பிரதியின் கீழே அச்சிட்ட விவரத்தைப் பாருங்கள். துணி கட்டிய படத்துக்கு ‘1891, ஓர்சே’ என்று போட்டிருந்தால் அச்சகத்தில் இரண்டையும் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஒன்று, நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். மலிவுப் பிரதிகளில் ரோஸ் ஆரஞ்சாகிவிடும், மணல் பச்சையடிக்கும். உடையின் வடிவத்தைப் பாருங்கள்.