ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குக் குடிபெயர்கிறோம். அங்கே அரசுப் பள்ளிகள் எப்படி? பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, உங்கள் வீட்டு முகவரிதான் தேர்ந்தெடுக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வாஷிங்டனை ஒட்டியிருக்கும் இந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் ஒரே பள்ளி நிர்வாகம். சுமார் 1,80,000 பிள்ளைகள், ஏறக்குறைய 200 பள்ளிகள். மெக்லீன் பக்கம் பெரிய பெரிய வீடுகள். அனன்டேல் பக்கம் போனால் சலுகை விலையில் மதிய உணவு வாங்கும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் நிறைய. இரண்டும் இதே நிர்வாகம்தான். அதனால் மொத்தமாக "நல்லதா?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

நம்மூர் மாதிரி நன்கொடை, சிபாரிசுக் கடிதம் எதுவும் தேவையில்லை. நிர்வாகத்தின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் உங்கள் 'பேஸ் ஸ்கூல்', அதாவது அந்த முகவரிக்கு உரிய பள்ளி, எது என்று காட்டிவிடும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைச் செய்யுங்கள். எங்கள் தெருவில் எங்கள் வரிசைக்கு ஒரு ஹைஸ்கூல், எதிர் வரிசைக்கு வேறு. அந்த எல்லைக் கோடும் நிரந்தரமில்லை. 2024ல் கவுண்டி முழுவதற்குமான எல்லை மறுஆய்வைத் தொடங்கினார்கள். "இந்த வீடு என்றைக்கும் இந்தப் பள்ளிக்குத்தான்" என்று ஏஜென்ட் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

பத்துக்கு இத்தனை என்று பள்ளிகளுக்கு மார்க் போடும் இணையதளங்களையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோரின் வருமானத்தைத்தான் அவை பாதி அளக்கின்றன.

அடுத்து நம்மவர்கள் கட்டாயம் கேட்பது 'டிஜே', அதாவது தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. 1985ல் தொடங்கியது. இதற்கு மட்டும் விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். 2020 கடைசியில் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத அளவுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். இதை எதிர்த்துச் சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள், 2023ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிய முறையை ஏற்றது, 2024ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. ஆகவே டிஜேக்குப் பேர்போன நடுநிலைப் பள்ளியைத் தேடி அதிக வாடகை கொடுத்துப் போவது வீண் வேலை என்பேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் குவிந்திருப்பார்கள், அந்த ஒதுக்கீட்டுக்கு உள்ளேயே அடிதடி.

அன்றாடத்தில் உங்களைப் படுத்தப்போவது வேறு. நடுநிலைப் பள்ளி, அதாவது 7, 8ஆம் வகுப்பு, பெரும்பாலும் காலை 7.30க்கே தொடங்கிவிடும். டிசம்பரில் பஸ் வரும்போது கும்மிருட்டு. குளிரில் பிள்ளைகள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு நிற்கும். மஞ்சள் பஸ் நின்று சிவப்பு விளக்கு மின்னினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வரும் காரும் நின்றாக வேண்டும். வந்த புதிதில் இதை மறக்காதீர்கள், அபராதம் பலம்.

அப்புறம், ஊரிலிருந்து கிளம்பும்போது பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் கைப்பையிலேயே வையுங்கள். இரண்டையும் சேர்க்கையின்போது கேட்பார்கள்.