ஹட்டியில் இப்போது யார் இருக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு மட்டும்தான் ஊர் நிறைகிறது. தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களோ வடக்கிலிருந்து வந்தவர்கள். இனி இது நம் ஊராக இருக்குமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நானும் ஹட்டியில் பிறந்தவள்தான், சகோதரி. எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகள். நான்கில்தான் இப்போது அடுப்பு எரிகிறது.

2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. அதே பத்தாண்டில் தமிழ்நாடு 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாக வளர்ந்தது. மலையிலிருந்து இறங்கிப் போனவர்களை யாரும் வந்து விரட்டவில்லை. கொழுந்து விலைதான் விரட்டியது. நம் தேயிலைக்கு இருந்த சோவியத் சந்தை கைவிட்டுப் போனபின், 1990-களின் இறுதியில் விலை சரியத் தொடங்கியது. அம்மா கொழுந்துக் கணக்கு எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரட்டை இலக்கத்தில் இருந்த கிலோ விலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பக்கத்துக்குப் பிறகு, அதில் 'உரம்' என்ற வரியே இல்லை. அடுத்த ஆண்டு அண்ணன் திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

ஆனால் தேயிலைச் செடி நமக்காகக் காத்திருக்காது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். விட்டால் இலை முற்றிவிடும். நம் பிள்ளைகள் விட்டுப்போன இடத்தில்தான் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிற்கிறார்கள்.

போன மாதம் எடைபோடும் கொட்டகையில் நின்றிருந்தேன். மழை நாள். ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார்கள். மூட்டையைச் சுமந்து வந்த பெண்ணுக்கு அது புரியவில்லை. இடுப்புயரச் சிறுமி ஒருத்தி தராசு முள்ளைப் பார்த்து, கழித்தது போக மீதியைத் தன் தாய்க்கு இந்தியில் சொன்னாள். பிறகு திரும்பி, கொட்டகைக்காரரிடம் நம் படுக மொழியில், "நேற்று ஒரு கிலோதானே கழித்தீர்கள்?" என்று கேட்டாள். அவர் ஒரு கிலோவைத் திருப்பி எழுதினார். அந்தக் குழந்தையை வெளியூர்க்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மலை என்றைக்கும் ஒரே மொழி பேசியதில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், படுகர்களாகிய நாம். 1964 ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் வந்தபோது என் பாட்டியும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டாராம். ஊர் கலப்பதைப் பற்றி எனக்குப் பயமில்லை. பறிப்பவருக்கும் தோட்டக்காரருக்கும் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் போவதுதான் பயம்.

கேள்வி: நீலகிரியில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாமே?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உண்மை. 2011-ல் ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள். பெருமைப்படலாம். ஆனால் வேலை தேடிக் கீழே இறங்கிய ஆண்கள் இங்கே எண்ணப்படவில்லை என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது, மறக்க வேண்டாம்.

இருவருக்கும் ஒரு வேண்டுகோள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்தது வரும்போது, கோவையில் குடியிருக்கும் மகனை ஹட்டி வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடு என்றே சொல்லுங்கள். தோட்டத்துக்குக் கீழே தகரக் கூரை வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்பவர்களிடம் கணக்கெடுப்பாளரை நீங்களே அழைத்துப் போங்கள். அந்தப் பாதை வெளியாட்களுக்குத் தெரியாது.