கனடாவுக்கு வந்த முதல் வருடம்: வரிக் கணக்கை எப்படிச் செய்வது?

கேள்வி: அக்கா, நான் 2025 ஓகஸ்ட் 1ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் இறங்கி அகதிக் கோரிக்கை வைத்தேன். விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. முதல் இரண்டு மாதம் வெல்ஃபேர் எடுத்தேன். வேலை பெர்மிட் வந்தபின் ஒக்டோபரில் இருந்து ஒரு வெயர்ஹவுஸில் வேலை. ஸ்காபரோவில் பேஸ்மென்ட் அறை, மாதம் 800 டொலர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கிளிநொச்சியில். ஜூலை வரை அங்கே ஒரு ரியூட்டரியில் படிப்பித்தேன். "வழக்கு முடியும்வரை ரக்ஸ் (வரிக் கணக்கு) செய்யாதே, செய்தால் வெல்ஃபேர் காசைத் திருப்பிக் கேட்பார்கள்" என்கிறார் கூட இருப்பவர். இன்னொருவர் 3,000 டொலர் ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன், அதில் 500 எனக்கு என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, ரக்ஸ் செய்யுங்கள். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் கனடாவில் வரிக்குரிய வதிவாளரா என்பதை உங்கள் குடிவரவு நிலை தீர்மானிப்பதில்லை. இங்கே குடியிருக்கிறீர்கள், வேலை செய்கிறீர்கள், வங்கிக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். இந்தத் தொடர்புகளைத்தான் சிஆர்ஏ, அதாவது கனடாவின் வரித் திணைக்களம், பார்க்கும். கோரிக்கை வைத்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்குப் பொதுவாக வந்து இறங்கிய நாளே வதிவு தொடங்கும் நாள். 2025ஆம் ஆண்டுக்கான கணக்கை 2026 ஏப்ரல் 30க்குள் கொடுக்க வேண்டும்.

முதல் வருடப் படிவத்தில் மற்ற வருடங்களில் இல்லாத ஒரு பெட்டி நிரப்ப வேண்டியிருக்கும்: கனடாவுக்குள் வந்த திகதி. உங்கள் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அதில் 2025 ஓகஸ்ட் 1 என்றே எழுதுங்கள். சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் அடையாள இலக்கம்) கிடைத்த திகதியோ வேலை தொடங்கிய திகதியோ அங்கே வரக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு முன்பு படிவம் செய்து கொடுத்தவர் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டிருந்தார். ஜனவரி முதலே இங்கே இருந்தவர்கள் போலக் கணக்குப் போய்விட்டது. அதைத் திருத்த நானும் அவர்களும் பல மாதம் கடிதம் எழுதினோம். எல்லாம் ஒரு திகதியால் வந்த வேலை.

ஓகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை 153 நாட்கள். இந்த நாட்களில் உலகத்தில் எங்கிருந்து வந்த வருமானமானாலும் கனடாவில் காட்ட வேண்டும். அதற்கு முன் ரியூட்டரியில் உழைத்ததற்கு இங்கே வரி இல்லை. ஆனாலும் அந்தத் தொகையை டொலராக மாற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் ஒரு அடிப்படைத் தொகைக்கு வரி விலக்கு உண்டு. 2025க்கு மத்திய அரசின் தொகை 16,129 டொலர். வருவதற்கு முன்னான ஏழு மாதமும் எங்கேயும் எந்த வருமானமும் இல்லாதவர் இதை முழுதாகக் கோரலாம். உங்களுக்கு அங்கே சம்பளம் இருந்ததால் 365 நாளில் 153 நாளுக்கான பங்குதான் கிடைக்கும், அதாவது ஏறக்குறைய 6,761 டொலர். குறைகிறதே என்று ரியூட்டரிச் சம்பளத்தை மறைக்காதீர்கள். அங்கே படிப்பித்ததை அகதிக் கோரிக்கைப் படிவத்திலும் எழுதியிருப்பீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே உண்மை இருக்கட்டும்.

இனி மனைவி. திருமண நிலையில் "திருமணமானவர்" என்றே போடுங்கள். மனைவி இங்கே இல்லை, சின் நம்பர் இல்லை என்பதற்காகச் சிலர் "தனியாள்" என்று எழுதுகிறார்கள். பின்னால் மனைவியை வரவழைக்கும்போது அந்த ஒரு சொல் பெரிய தலையிடியாகும். அவர் உங்கள் காசில்தான் வாழ்கிறார் என்றால் அவருக்காகவும் ஒரு விலக்குத் தொகை கோரலாம். அதுவும் நாட்கணக்கில் குறையும். அவருக்கு வருமானம் இருந்தால் அதுவும் கழியும். ஆனால் காசு அனுப்பியதற்கு ஆதாரம் வேண்டும்: உங்கள் பெயர், அவர் பெயர், தொகை, திகதி. இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம், அனுப்பினால் காசு அன்றைக்கே கிளிநொச்சி போய்ச் சேரும், உங்கள் கையில் ஒரு துண்டும் மிஞ்சாது. இதுவரை அப்படி அனுப்பியிருந்தால் அந்தத் தொகையைக் கோராமல் விடுங்கள். இனிமேலாவது வங்கி வழியாகவோ ரசீது தருகிற இடத்திலோ அனுப்புங்கள்.

சரி, வெல்ஃபேர். ஜனவரி, பெப்ரவரியில் இரண்டு துண்டுகள் உங்களுக்கு வரும். வேலையிடத்தில் இருந்து ரி4. அதில் 14ஆம் பெட்டி உங்கள் மொத்தச் சம்பளம், 22ஆம் பெட்டி ஏற்கெனவே பிடித்த வரி. மற்றது ரி5007, வெல்ஃபேர் காசுக்கானது. அந்தத் தொகையைப் படிவத்தில் ஒரு வரியில் வருமானமாகக் காட்டி, இன்னொரு வரியில் அப்படியே கழிப்பார்கள். அதற்கு வரி இல்லை. ரக்ஸ் செய்ததற்காக அந்தக் காசைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வேலை தொடங்கிய பின்னும் அதைச் சொல்லாமல் வெல்ஃபேர் எடுத்திருந்தால்தான் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அது ரக்ஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் உள்ள கடன். உங்கள் அறைத் தோழர் இரண்டையும் குழப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டு வைக்கிறேன். சனி, ஞாயிறில் எங்காவது கைக்காசுக்கு வேலை செய்தீர்களா? செய்திருந்தால் அதையும் காட்டுங்கள். ரி4 தரவில்லை என்பதால் அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது.

வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லாதவரும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் கரைச்சல் கொடுப்பதற்குக் காரணம், அரசு தருகிற உதவிக் காசுகள் எல்லாம் இந்தப் படிவத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. விற்பனை வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஜிஎஸ்டி கிரெடிட்டுக்கு அகதிக் கோரிக்கை வைத்தவரும் தகுதியானவர். வந்த முதல் வருடத்துக்கு அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளைகள் இங்கே உங்களோடு இல்லாததால் உங்களுக்குரியது ஆர்சி151 என்ற படிவம். ரக்ஸ் காலம் வரும்வரை இருக்காமல் வந்தவுடனேயே அனுப்பியிருக்கலாம். பரவாயில்லை, இப்போதாவது அனுப்புங்கள்.

அடுத்தது ஒன்ராறியோ மாகாணம் தருகிற ட்ரில்லியம் என்ற உதவிக் காசு. இதற்கு ஒன்-பென் என்ற படிவத்தையும் வரிக் கணக்கோடு சேர்த்து நிரப்ப வேண்டும். கட்டிய வாடகை, முகவரி, எத்தனை மாதம் இருந்தீர்கள், வீட்டுக்காரர் பெயர், இவற்றைக் கேட்பார்கள். ரசீதை அனுப்பத் தேவையில்லை, பிறகு கேட்டால் காட்ட வேண்டும். பேஸ்மென்ட் வாடகைக்கு ரசீது கேட்டால் முகம் சுளிக்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சண்டை வேண்டாம். வாடகையை இ-ட்ரான்ஸ்பரில் (வங்கிக் கணக்கில் இருந்து இணையம் வழியாக) கட்டுங்கள், குறிப்பில் மாதத்தின் பெயரை எழுதுங்கள். முதல் மாதங்களில் காசாகக் கொடுத்திருந்தால், தொகையும் திகதியும் எழுதி ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட் இப்போது உங்களுக்கு வராது. பிள்ளைகள் இங்கே உங்களோடு வாழ வேண்டும், உங்கள் கோரிக்கையும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அது நடந்து அவர்களும் வந்து சேர்ந்த கையோடு விண்ணப்பியுங்கள்.

ஊரில் காணியோ நகையோ இருந்தால் நீங்கள் வந்த அன்று அதற்கு என்ன மதிப்பு என்று எழுதி வையுங்கள். பிற்காலத்தில் விற்றால் கனடாவில் அந்த மதிப்புக்கு மேல் ஏறிய இலாபத்தைத்தான் பார்ப்பார்கள், அப்பா வாங்கிய விலையில் இருந்து அல்ல. பத்து வருடம் கழித்துப் பழைய மதிப்பைத் தேடி அலைவது கடினம்.

அந்த 3,000 டொலர்க்காரரிடம் போகாதீர்கள். மூன்று மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடித்தார்களோ, ஏறக்குறைய அதற்குள்தான் ரீஃபண்ட் வரும். 22ஆம் பெட்டியில் 600 டொலர் இருந்தால் 3,000 எங்கிருந்து வரும்? கொடுக்காத நன்கொடையும் செய்யாத மருத்துவச் செலவும் எழுதினால்தான் வரும். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. பிடிபட்டால் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும். தெரிந்தே செய்த பொய் என்றால் ஏய்த்த வரியில் 50 வீதம் தண்டமும் வரும். அவர் தன் 500ஐ எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

காசு கொடுத்துச் செய்விக்கவும் தேவையில்லை. குறைந்த வருமானக்காரருக்குத் தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து கொடுக்கும் கிளினிக்குகளை சிஆர்ஏ ஆதரித்து நடத்துகிறது. மார்ச், ஏப்ரலில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் நடக்கும். 211 என்ற உதவித் தொலைபேசிக்கு அழைத்தால் பக்கத்தில் எங்கே என்று சொல்வார்கள், தமிழில் பேச ஆள் கேட்கலாம். போகும்போது சின் கடிதம், அகதிக் கோரிக்கைப் பத்திரம், ரி4, ரி5007, வாடகை விவரம், ஜூலை வரையான இலங்கைச் சம்பளம், மனைவி பிள்ளைகளின் பிறந்த திகதி எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு போங்கள்.

கணக்குப் போய்ச் சில வாரத்தில் மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வரும். அதை எறிய வேண்டாம். குடும்பத்தை எடுக்கும்போதும், மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிக்க வேண்டி வந்தாலும், பிறகு குடியுரிமைக்கும் அது கேட்கப்படலாம். மற்றத் துண்டுகளையும் ஆறு வருடம் வைத்திருங்கள். உங்கள் சின் நம்பர் 9இல் தொடங்கும், காலாவதித் திகதியும் இருக்கும்; பெர்மிட் புதுப்பிக்கும்போது அதையும் புதுப்பியுங்கள். நிரந்தர வதிவிடம் கிடைத்தால் புது நம்பர் வரும், அதை சிஆர்ஏக்கு அறிவித்துப் பழையதோடு இணைக்க வேண்டும். அப்புறம், பேஸ்மென்ட் மாறினால் அன்றைக்கே முகவரியையும் மாற்றுங்கள். சிஆர்ஏ ஏதாவது கேட்டு எழுதும் கடிதம் பழைய வீட்டுப் பெட்டியில் கிடந்தால், பதில் வரவில்லை என்று உதவிக் காசை நிறுத்திவிடுவார்கள்.