கொட்டிய மணல் எங்கே போகிறது?

கேள்வி: புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, பல ஆண்டுகளாகப் பாறாங்கற்கள் மட்டுமே கிடந்த இடத்தில் மணல் கொட்டப்பட்டு, இப்போது அதில் இறங்கி நடக்க முடிகிறது. ஆனால் அந்த மணற்பரப்பு சில மாதங்களில் அகன்றும் சில மாதங்களில் ஒடுங்கியும் தெரிகிறது. மணல் நிலைக்கிறதா, கடலோடு போகிறதா என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்? (வாசகர், கடலூர்)

பதில்: நீரோரம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுள்ள கரையில் நீர்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தாலே நீரோரம் 10 மீட்டர் பின்வாங்கிவிடும். அதற்கு மணல் சிறிதும் நகர வேண்டியதில்லை. எனவே கரைக்கோட்டைக் குறிப்பவர்கள் ஓதநிலையை, அதாவது கடல் ஏறி இறங்கும் மட்டத்தை, கணக்கில் எடுத்து, குறிப்பிட்ட ஒரு உயர மட்டத்துக்குத் திருத்திய பிறகே ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடுகிறார்கள்.

அதைவிட முக்கியமானது மணலின் கன அளவு. கரையில் அசையாத குறிக்கல் ஒன்றிலிருந்து கடலை நோக்கி நேர்கோடு வகுத்து, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் தரைமட்டத்தை அளக்க வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் ஜி.பி.எஸ். கோலை ஏந்திய ஒருவர் மார்பளவு நீர் வரை நடந்து அளப்பார். நீர் ஏறும் நேரத்தில் ஒலியைக் கொண்டு ஆழம் அளக்கும் எதிரொலிமானி பொருத்திய படகு அதே கோட்டில் கரையை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி வரும். இரண்டு அளவீடுகளும் ஓரிடத்திலாவது ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். அலை உடையும் பகுதியில் இடைவெளி விழுந்தால் கணக்கே தடுமாறும், ஏனெனில் மணல் மிகுதியாக இடம் மாறுவது அங்கேதான். உயரத்தில் நேரும் பிழையும் சிறிதன்று. ஒரு கிலோமீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் உள்ள பரப்பில், எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக 5 சென்டிமீட்டர் பிசகினால் 25,000 கன மீட்டர் மணல் காகிதத்தில் தோன்றும் அல்லது மறையும்.

கொட்டிய மணல் முதல் சில மாதங்களில் குறைவதுபோல் தெரிவது பெரும்பாலும் இயல்பே. இயந்திரம் குவித்த மேட்டை அலைகள் தமக்கேற்ற சரிவுக்குக் கலைத்து, ஒரு பகுதியை நீருக்கடியில் பரப்பிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் அகலம் குறைந்தாலும், அந்த மணல் அங்கிருந்தே அலையின் வேகத்தைத் தணிக்கிறது. அலைகள் அடிமணலைக் குறிப்பிடத்தக்க அளவில் அசைக்காத ஆழம் வரை அளந்தால்தான் எவ்வளவு பரவியது, எவ்வளவு வெளியேறியது என்று பிரித்தறிய முடியும். நெதர்லாந்தில் 1965 முதல் ஆண்டுதோறும் கரையைக் குறுக்காக அளந்துவருகிறார்கள். கரைக்கோட்டின் இடத்தையே நீரோரத்தைக் கொண்டு அல்லாமல், வரையறுத்த உயரங்களுக்கு இடையே உள்ள மணலின் அளவிலிருந்து கணக்கிடுகிறார்கள். நம் கரைகளுக்கும் இதுவே பொருத்தமான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

பருவத்தையும் மறக்கக் கூடாது. புதுச்சேரிக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் மணல், வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. செப்டம்பர் அளவீட்டை ஜனவரி அளவீட்டோடு ஒப்பிட்டுக் கரை வளர்ந்தது என்றோ தேய்ந்தது என்றோ சொல்வது பிழை. ஜனவரியை அடுத்த ஜனவரியோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நகரத்துக்கு மணல் வந்தது, சரி. வடக்கே உள்ள மீனவர் குப்பங்களையும் இந்த அளவீட்டில் சேர்ப்பது அவசியமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: மிகவும் அவசியம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் எழுந்த துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே செல்லும் மணலை மறித்ததுதான் புதுச்சேரிக் கரை அரிப்பின் தொடக்கம். நகரைக் காக்கக் கல் கொட்டியதும், அரிப்பு மேலும் வடக்கே தமிழகக் குப்பங்களுக்கு நகர்ந்தது. அங்கே கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகள் போட நேர்ந்தது. பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி நகரக் கரையை ஒட்டி நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகுக் கட்டுமானம் இறக்கப்பட்டது. தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. ஓரிடத்தில் மணலைத் தங்கவைக்கும் எந்தக் கட்டுமானமும் அடுத்த இடத்துக்குப் போகும் மணலைக் குறைக்கக்கூடும். ஆகவே மாநில எல்லையோடு அளவுக்கோடு நிற்கக் கூடாது. படகும் வலையும் வைக்க இடம் இழந்தவர்களின் கரையும் அதே குறிக்கல், அதே பருவம், அதே ஆழம் என்ற ஒழுங்கில் அளக்கப்பட வேண்டும்.

கேள்வி: பொதுமக்கள் இதில் உதவ முடியுமா? (கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: முடியும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2017-இல் தொடங்கிய 'கோஸ்ட்ஸ்நாப்' திட்டத்தில், கரையோரம் நிலையாக நட்ட தாங்கியில் கைபேசியை வைத்து யார் வேண்டுமானாலும் படம் எடுத்து அனுப்பலாம். ஒரே கோணத்தில் எடுத்த படங்கள் என்பதால் அவற்றிலிருந்து கரைக்கோட்டைப் பிரித்தெடுக்க முடிகிறது. நீங்கள் தொடங்குவதானால் இடத்தை மாற்றாதீர்கள், நாளையும் மணியையும் தவறாமல் குறித்துவையுங்கள். நேரம் தெரியாத படத்துக்கு ஓதத் திருத்தம் செய்ய வழியில்லை. படங்கள் கரைக்கோட்டின் போக்கைக் காட்டும். நீருக்கடியில் உள்ள மணலின் அளவுக்குப் படகு அளவீடுதான் வேண்டும்.