எண்ணெய் இருக்கு, பெட்ரோல் இல்லை

(நைஜீரியா பற்றிச் சென்ற இதழில் எழுதிய கட்டுரைக்கு வந்த கேள்விகள். லாகோசில் தொழிற்சாலைக் கணக்காளராக இருந்த கட்டுரையாளரின் பதில்கள்.)

கேள்வி: நைஜீரியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எண்ணெயின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். அப்புறம் எப்படி அந்த நாடு எண்ணெயை நம்பி இருக்கிறது?

பதில்: சரியான கிடுக்கிப்பிடி! மரவள்ளி பயிரிடுகிறவர், செல்பேசி விற்கிறவர், நோலிவுட்டில் படம் எடுக்கிறவர் எல்லாரும் சேர்ந்ததுதான் நைஜீரியாவின் பொருளாதாரம். அதில் எண்ணெய் சின்னத் துண்டு. ஆனால் ஏற்றுமதியில் வரும் டாலரில் பெரும்பகுதி அந்தத் துண்டிலிருந்துதான் வருகிறது.

2014 நடுவில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30க்கும் கீழே போனது. அரசோ டாலருக்கு 197 நைரா (நைஜீரிய நாணயம்) என்று பிடிவாதமாக இருந்தது. வங்கியில் அந்த விலை இருந்தது, டாலர்தான் இல்லை. தெருவில், கள்ளச் சந்தையில் டாலர் இருந்தது, விலைதான் வேறு. 2015 ஜூனில் மத்திய வங்கி 41 பொருட்களுக்குப் பட்டியல் போட்டு, இவற்றை இறக்குமதி செய்ய வங்கியில் டாலர் கேட்காதே என்றது. அரிசி, சிமென்ட் சரி. பல்குச்சியும் அதில் இருந்தது! பட்டியலில் இல்லாத பொருளை வாங்குகிறவர்களுக்கும் சுகமில்லை. உதிரி பாகம் வாங்க டாலர் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். இயந்திரம் நிற்கும், சம்பளம் நிற்காது.

இன்னொன்று அரசாங்கத்தின் பணப்பை. மாதாமாதம் தலைநகர் அபுஜாவில் கூடி, எண்ணெய் வருமானம், வரி எனப் பொதுக் கணக்கில் சேர்ந்த பணத்தை மத்திய அரசும் 36 மாநிலங்களும் உள்ளாட்சிகளும் பிரித்துக்கொள்வார்கள். எண்ணெய் வருமானத்தில் 13 சதவீதம் அது கிடைக்கும் மாநிலங்களுக்குத் தனியே உண்டு. லாகோஸ் போலச் சொந்த வரியில் நிமிர்ந்து நிற்கிற மாநிலங்கள் குறைவு. அபுஜாவிலிருந்து பணம் வருகிறபோது எந்த ஆளுநர் (அங்கே மாநில அரசை நடத்துகிறவர் அவர்தான்) மெனக்கெட்டு வரி வசூலிப்பார்? எண்ணெய் விலை விழுந்ததும் 2015இல் பல மாநிலங்களில் அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் நின்றது. மத்திய அரசுதான் கைகொடுத்துத் தூக்கியது.

கேள்வி: எண்ணெய் நாட்டில் பெட்ரோலுக்கு வரிசையா?

பதில்: கிடைப்பது கச்சா எண்ணெய். அதைச் சுத்திகரிக்கப் போர்ட் ஹார்கோர்ட்டில் இரண்டு, வாரி, கடூனாவில் ஒவ்வொன்று என அரசு ஆலைகள் இருந்தன. கணக்குப்படி நாளுக்கு 4,45,000 பீப்பாய். நடைமுறையில் பல ஆண்டுகள் சும்மாவே கிடந்தன. கச்சா எண்ணெய் ஒரு கப்பலில் போகும், பெட்ரோல் இன்னொரு கப்பலில் வரும். அதற்கு மானியம் வேறு. மலிவு பெட்ரோல் எல்லை தாண்டி பெனினுக்குக் கடத்தப்பட்டது. பெட்ரோல் பங்க்கில் சரக்கு இல்லாத நாளில் சாலையோரம் ஜெர்ரிகேன், ரப்பர் குழாய், பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில் புனலோடு பையன்கள் நிற்பார்கள். “ஓகா (முதலாளி), எத்தனை லிட்டர்?” அந்த விலைக்குப் பேரம் கிடையாது.

2012 ஜனவரியில் மானியத்தை நீக்கினார்கள். லிட்டர் 65 நைராவிலிருந்து 140ஐத் தாண்டியது. நாடே தெருவுக்கு வந்தது. 97க்கு இறக்கினார்கள். 2023 மே 29 அன்று பதவியேற்ற அதிபர் டினுபு, முதல் உரையிலேயே மானியம் போய்விட்டது என்றார். 200க்குக் கீழே இருந்த விலை ஒரே வாரத்தில் சுமார் 500.

கேள்வி: எண்ணெய்க்கு முன்னால் என்ன செய்தார்கள்?

பதில்: மேற்கே கொக்கோ, கிழக்கே பாமாயில், வடக்கே நிலக்கடலை. கானோவில் கடலை மூட்டைகளைப் பிரமிடு போல அடுக்கியிருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1956இல் ஒலோயிபிரியில் எண்ணெய் கிடைத்தது. எழுபதுகளில் பணம் கொட்டியது. 1975இல் அரசு ஏறத்தாழ இரண்டு கோடி டன் சிமென்டுக்கு ஆர்டர் போட, லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான கப்பல்கள் இறக்க இடமில்லாமல் நின்றன. காத்திருந்த நாளுக்கெல்லாம் தண்டம் கட்டியதும் அதே எண்ணெய்ப் பணம்தான்.

கேள்வி: தொழிலதிபர் டாங்கோட்டேயின் சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டதே, இனி கவலை இல்லைதானே?

பதில்: நாளுக்கு 6,50,000 பீப்பாய் சுத்திகரிக்கக்கூடிய ஆலை. 2024இல் உற்பத்தி தொடங்கியது. பெட்ரோல் இறக்குமதி குறைந்தால் டாலர் மிச்சம், அது நிஜமான லாபம். ஆனால் உள்ளூர்க் கச்சா எண்ணெய் போதுமான அளவு கிடைக்காமல் அந்த ஆலை அமெரிக்காவிலிருந்தும் வாங்கியது. இனி எடுக்கப்போகும் எண்ணெயைக் காட்டி அரசு எண்ணெய் நிறுவனம் முன்கூட்டியே கடன் வாங்கியிருக்கிறது. எடுக்கிற எண்ணெயில் ஒரு பகுதி அந்தக் கடனுக்கே போகிறது.